கழுத்துப் பாலுண்ணிக்குச் சுண்ணாம்பு வைக்காதீர்கள்

கல்முனையில் என்னிடம் வேறு வருத்தத்துக்கு வருகிறவர்கள்கூட, எழும்பிப் போகிற நேரத்தில் கழுத்தைக் காட்டி, "டொக்டர், இது கென்சரா?" என்று கேட்பதுண்டு. அநேகமாக இல்லை. அரிசியளவில், சிறு காம்பில் தொங்குகிற மெத்தென்ற சதைதான் பாலுண்ணி. உள்ளே கொலாஜன் நாரும் நுண்ணிய இரத்தக் குழாய்களும், மேலே சாதாரணத் தோல். கைவிரலில் சொரசொரப்பாக வருவது வேறு. அது வைரஸால் வந்து பரவக்கூடியது. கழுத்தில் தொங்குவது யாருக்கும் தொற்றாது.

தோல் உரசும் இடங்கள்தான் இதற்கு வசதி: கழுத்து, அக்குள், மார்பின் கீழ், தொடை இடுக்கு. கண் இமையிலும் வரும். உடல் பருமன், பரம்பரை, கர்ப்பகாலம் எல்லாம் காரணமாகலாம்.

எனக்குக் கவலை தருவது பாலுண்ணி அல்ல, வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு. பாலுண்ணி உதிரட்டும் என்று அதைச் சவர்க்காரத்தோடு குழைத்து வைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மாவின் கழுத்தில், ரூபாய்க் குற்றியளவு தோல் வெந்து, நடுவில் கறுத்த பொருக்கு. சட்டைக் கழுத்து புண்ணோடு ஒட்டியிருந்தது. பாலுண்ணியோ ஓரத்தில் அப்படியே தொங்கியது! அவருக்குச் சீனி வருத்தமும் இருந்ததால் புண் ஆறவே வாரக்கணக்கானது. சுண்ணாம்பு கடும் காரம்; தோலைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஏற்கெனவே வைத்துவிட்டீர்களா? உடனே துடைத்தெடுத்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். தேசிக்காய்ப் புளி விடவேண்டாம். அப்புறம் வைத்தியரிடம் காட்டுங்கள். நூல் கட்டுவதும் வேண்டாம். காம்பு பாதி செத்துச் சீழ் பிடிக்கலாம்.

தொந்தரவு தராவிட்டால் பாலுண்ணிக்கு வைத்தியமே தேவையில்லை. சங்கிலியில் மாட்டி இரத்தம் வருகிறது, பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். விறைக்கச் செய்து கத்தரியால் வெட்டுவது, மின்சாரத்தால் சுடுவது, திரவ நைதரசனால் உறைய வைப்பது என்று வழிகள் உண்டு. எல்லாம் சில நிமிட வேலை.

ஆனால் நிறையப் பாலுண்ணிகளோடு கழுத்து மடிப்பும் கறுத்து, தடித்து, வெல்வெட் துணிபோல இருந்தால் அதைக் கவனியுங்கள். அழுக்கென்று பீர்க்கு நாரால் தேய்த்துப் பயனில்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி பாருங்கள். 100 முதல் 125 mg/dL வரை என்றால் நீரிழிவின் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். 126 அல்லது அதற்கு மேல், இன்னொரு தடவை பார்த்தும் அப்படியே என்றால், நீரிழிவு. பாலுண்ணி உள்ள எல்லோருக்கும் சீனி இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வருத்தம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது, கழுத்தோ கண்ணுக்குத் தெரிகிறது.

வேகமாக வளர்வது, நிறம் மாறுவது, கல்லாக இறுகுவது, அடிபடாமலே இரத்தம் கசிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள், சந்தேகம் இருந்தால் வெட்டிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். இமையில் உள்ளதை வீட்டில் தொடவே வேண்டாம். அஸ்பிரின், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசை பாவிப்பவர்கள் வெட்டுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.