ஃபார்மட் வார்: வடிவப் போரா, பதிவுமுறைப் போரா?

'ஃபார்மட்' என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக 'வடிவம்' என்று எழுதிவிடும். அப்படித்தான் 'ஃபார்மட் வார்' என்பதும் 'வடிவப் போர்' ஆகிறது. ஆனால் வீட்டில் படம் பார்க்கும் கருவிகளின் கதையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், இந்த மொழிபெயர்ப்பு தவறான இடத்தைச் சுட்டுவது தெரியும். அந்தக் கதையில் வீடியோ கேம் கருவிக்கும் பெரிய பங்கு உண்டு.

முதலில் பொருள். ஒரே வேலையைச் செய்ய, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு முறைகள் சந்தைக்கு வருகின்றன. இதற்கான வட்டு அதில் ஓடாது, அதற்கான நாடா இதில் ஓடாது. படத் தயாரிப்பு நிறுவனங்களும் கடைக்காரர்களும் ஏதாவது ஒரு பக்கம் சேர வேண்டிவரும். கடைசியில் ஒன்று நிலைக்கும், மற்றது சந்தையைவிட்டே போகும். தோற்ற பக்கத்துக் கருவியை வாங்கியவர் புதுப்படம் கிடைக்காமல் தவிப்பார். அதுதான் ஃபார்மட் வார்.

'ஃபார்மட்' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் அது புத்தகத்தின் அளவையும் அமைப்பையும்தான் குறித்தது. நம் அச்சகங்களில் டெமி, கிரவுன் என்கிறோமே, அந்தப் பொருள். பிறகு பதிவு செய்யும் முறைக்கும் அதே சொல் வந்தது. அமெரிக்காவில் 1948-ல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் இசைத்தட்டைக் கொண்டுவர, அடுத்த ஆண்டே ஆர்சிஏ 45 சுற்றுத் தட்டோடு வந்தது. அதை 'வேகங்களின் போர்' என்றார்கள். வீட்டு வீடியோவில் பெரிய மோதல் சோனியின் பீட்டாமேக்ஸுக்கும் (1975) ஜேவிசியின் வி.எச்.எஸ்ஸுக்கும் (1976) நடந்தது. தொடக்கத்தில் பீட்டாமேக்ஸ் நாடாவில் ஒரு மணி நேரம் பதியலாம், வி.எச்.எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு முழுப்படம் ஒரே நாடாவில் அடங்குவது சின்ன விஷயமா? நம்மூரில் 'டெக்' என்ற வீடியோ பிளேயரை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் பார்த்தது, ஜெயித்த அந்த வி.எச்.எஸ்ஸைத்தான்.

நாடாக் காலத்துக்கு 'வடிவம்' ஓரளவு பொருந்தும். பீட்டாமேக்ஸ் கேசட் சிறியது, வி.எச்.எஸ் பெரியது. பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வட்டுக் காலத்தில் சிக்கல் வருகிறது. டிவிடி, அதற்குப் பின் போட்டியாக வந்த தோஷிபாவின் ஹெச்டி டிவிடி, சோனி அணியின் ப்ளூ-ரே மூன்றையும் மேசையில் வரிசையாக வையுங்கள். மூன்றும் 12 செ.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன், நடுவில் ஒரே அளவு ஓட்டை. வடிவத்தில் சண்டையே இல்லை! வித்தியாசம் உள்ளே இருக்கிறது. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், மற்ற இரண்டுக்கும் 405 நானோமீட்டர். ஹெச்டி டிவிடியில் தரவு அடுக்கு டிவிடியைப் போலவே பரப்பிலிருந்து 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கும். ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மி.மீ. ஆழம்தான். அதனால் லேசர் புள்ளியை இன்னும் சிறிதாக்க முடிந்தது. ஓர் அடுக்கில் ஹெச்டி டிவிடி 15 ஜிபி கொள்ளும், ப்ளூ-ரே 25 ஜிபி. சண்டை முழுக்க எப்படிப் பதிவது, எப்படிப் படிப்பது என்பதில்தான்.

சரி, இதில் கேம் கன்சோல், அதாவது வீடியோ கேம் கருவி, எங்கே வருகிறது? புது முறை ஒன்று பரவ வேண்டுமானால் வீடுகளில் கருவி இருக்க வேண்டும். கருவி வாங்கப் படங்கள் வேண்டும். படங்கள் வெளியிட வீடுகளில் கருவி வேண்டும். இந்தச் சுற்றை கன்சோல் உடைக்கிறது. விளையாடுவதற்காக வாங்கிய பெட்டிக்குள் படம் பார்க்கும் வசதி கூடவே வந்துவிடுகிறது. வாங்கியவர் எந்த அணி என்று யோசித்திருக்கவே மாட்டார், ஆனால் ஓர் அணியில் சேர்ந்துவிட்டிருப்பார்.

2000 மார்ச்சில் ஜப்பானில் 39,800 யென்னுக்கு வந்த சோனியின் கன்சோலான ப்ளேஸ்டேஷன் 2, டிவிடிக்கு அதைத்தான் செய்தது. டிவிடியில் பெரிய போர் மூளவில்லை. சோனி-பிலிப்ஸ் அணியும் தோஷிபா அணியும் 1995-லேயே சமரசமாகிவிட்டன. பார்க்கும் தடவைக்குக் காசு கேட்ட 'டிவ்எக்ஸ்' முறையும் 1999-ல் மடிந்தது. ஆகவே ப்ளேஸ்டேஷன் 2 ஒரு போரை வென்றது என்பதைவிட, டிவிடியை வீட்டுக்குள் வேகமாகக் கொண்டுசேர்த்தது என்பதே சரி. அடுத்த ஆண்டு வந்த மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸிலும் டிவிடி ஓடும். ஆனால் அதற்கென்று ஒரு ரிமோட் தொகுப்பைத் தனியாக வாங்க வேண்டும்.

உண்மையான போர் 2006-ல் வந்தது. தோஷிபாவின் முதல் ஹெச்டி டிவிடி பிளேயர் ஏப்ரலில் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. ஜூனில் சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். விலையைப் பார்த்தால் ப்ளூ-ரே அங்கேயே தோற்றிருக்க வேண்டும். நவம்பரில் ப்ளேஸ்டேஷன் 3 வந்தது: 499, 599 டாலர் என இரண்டு விலைகளில், இரண்டிலும் ப்ளூ-ரே உள்ளேயே. எக்ஸ்பாக்ஸ் 360 வேறு வழியில் போனது. பெட்டிக்குள் சாதாரண டிவிடிதான். ஹெச்டி டிவிடி வேண்டுமானால் 199 டாலருக்குத் தனி இயக்கியை வாங்கி இணைக்க வேண்டும், அதில் விளையாட்டு ஓடாது, படம் மட்டும்தான். போரின் முடிவில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய பங்குண்டு என்பது என் கருத்து. உள்ளே வைத்தால் வாங்குகிற எல்லோரும் சேர்கிறார்கள். வெளியே வைத்தால், விருப்பப்பட்டுக் காசு கொடுப்பவர் மட்டுமே சேர்வார்.

சோனி இதற்குக் கொடுத்த விலை அதிகம். நீல லேசர் டயோடு தட்டுப்பாட்டால் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. ஓராண்டு முன்னதாகவே வந்திருந்த எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுச் சந்தையில் முந்திக்கொண்டது. சோனியின் கேம் பிரிவு அந்த நிதியாண்டில் 20,000 கோடி யென்னுக்கு மேல் நட்டம் கண்டது. ஆனால் வட்டு விற்பனையில் 2007 முழுக்க அமெரிக்காவில் ப்ளூ-ரேயே முன்னால் நின்றது. தோஷிபாவின் ஒரு பிளேயர் வால்மார்ட்டில் நூறு டாலருக்குக் கீழே இறங்கியும் அது மாறவில்லை. 2008 ஜனவரி 4-ல் வார்னர் நிறுவனம் இனி ப்ளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. பிப்ரவரி 19-ல் தோஷிபா விலகிக்கொண்டது.

கன்சோல் தொட்டதெல்லாம் ஜெயித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பரில் வந்த சோனியின் கையடக்க கன்சோலான பிஎஸ்பி, யூஎம்டி என்ற குட்டி வட்டைக் கொண்டுவந்தது. அதிலும் படங்கள் விற்றார்கள். ஆனால் தொடக்கத்தில் அதை உள்ளங்கைத் திரையில் மட்டுமே பார்க்க முடிந்தது. அதே படத்தின் டிவிடி வீட்டு டிவியில் ஓடும்போது எத்தனை பேர் இரண்டாவது முறை காசு கொடுப்பார்கள்? சீக்கிரமே அடங்கிவிட்டது.

இனி தமிழ்ச் சொல். 'கேம் கன்சோல்' எளிது: வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி வரிசையில் 'விளையாட்டுப் பெட்டி' என்றாலே போதும். குழப்பம் 'ஃபார்மட்'டில்தான். தமிழ்நாட்டின் குறுந்தகடும் இலங்கையின் இறுவட்டும் நல்ல சொற்கள், ஆனால் அவை பொருளின் பெயர்கள். முறையைச் சொல்ல வேண்டிய இடத்தில் மக்கள் ஆங்கில எழுத்துகளையே எடுத்துக்கொண்டார்கள். 'திருட்டு விசிடி' அப்படி வந்ததுதான். 2004-ல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது ஊரெங்கும் அடிபட்ட சொல் அது. டிவிடி பரவியதும் அதுவே 'திருட்டு டிவிடி' ஆனது.

எனவே வீடியோவிலும் ஒலியிலும் 'ஃபார்மட்' என்பதற்குப் 'பதிவுமுறை' என்றும், 'ஃபார்மட் வார்' என்பதற்குப் 'பதிவுமுறைப் போர்' என்றும் எழுதலாம். பதிவு என்றால் பத்திரப்பதிவு நினைவுக்கு வருமே என்றால், ஐயம் வரும் இடத்தில் 'படப் பதிவுமுறை' என்று விரித்துக்கொள்ளலாம். 'போட்டி' போதாதா? போட்டியில் இருவரும் கடை நடத்தலாம். இங்கே ஒருவர் மூடியாக வேண்டும், அதனால் போரே சரி. கணினியில் 'கோப்பு வடிவம்' நன்றாக வேரூன்றிவிட்டது, அதைக் கலைக்க வேண்டியதில்லை.

பயன்பாடு: "விளையாட்டுப் பெட்டிக்குள் வந்ததால் ப்ளூ-ரே பதிவுமுறைப் போரில் முந்தியது." "பழைய பதிவுமுறையில் இருக்கும் கல்யாண வீடியோவை மாற்றித் தர ஆள் தேடுகிறேன்."

அப்புறம், 'ப்ளூ-ரே'யை 'நீலக்கதிர்' என்று மொழிபெயர்க்க வேண்டாம். அது ஒரு வணிகப் பெயர். பொதுச்சொல்லாக இருந்தால் பதிவு செய்ய முடியாது என்றுதான் ஆங்கிலத்தில் நீலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஓர் எழுத்தை நீக்கிப் பெயர் வைத்தார்கள். 405 நானோமீட்டர் ஒளி நிறத்திலும் ஊதாப் பக்கமே சேரும்.