டொர்னாடோவுக்குள் ஒரு போடிமெட்டு

போடியில் விடிகாலை ஜீப் பிடித்துப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குக் காதடைப்பு புதிதல்ல. மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறுவதற்குள் காது 'டப்'பென்று திறந்துகொள்ளும். பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூனாக உப்பும். கேரள எல்லையில், போடிமெட்டில் இறங்கும்போது சுமார் 1,000 மீட்டர் ஏறியிருப்போம். காற்றழுத்தம் 100 மில்லிபாருக்குச் சற்று மேலாகவே குறைந்திருக்கும் (மில்லிபார் என்பது காற்றழுத்தத்தின் அலகு; கடல்மட்டத்தில் அழுத்தம் சுமார் 1,000 மில்லிபார்).

இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் சூறைக்காற்றுத் தூண்தான் டொர்னாடோ. வலுவான டொர்னாடோ ஒன்றின் நடுவில் அளந்தபோதும் கிடைத்தது ஏறக்குறைய இதே எண்தான். 2003 ஜூன் 24 அன்று, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மான்செஸ்டர் என்ற சிற்றூரை நோக்கி வந்த டொர்னாடோவின் பாதையில், டிம் சமாராஸ் என்ற பொறியாளர் தரையோடு ஒட்டிக்கிடக்கும் தட்டைக் கூம்பு வடிவக் கருவியை வைத்துவிட்டு விலகினார். டொர்னாடோ அதன் மேலேயே கடந்தது. பதிவான சரிவு 100 மில்லிபார். ஜீப்புக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிற ஏற்றத்தை அந்தக் கருவி ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிட்டது.

உள்ளே வெற்றிடம் இருக்கிறது, அதுதான் வீட்டை உறிஞ்சுகிறது என்று சிறுவயதில் நானும் நம்பினேன். குறைந்திருப்பது பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு மெலிந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் போடிமெட்டில் டீ ஆற்றுகிறார்கள்.

வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. 1999 ஒடிசா பெரும்புயலின் மையத்தில் அழுத்தம் 912 மில்லிபார். அங்கும் சரிவு கிட்டத்தட்ட 100தான். ஆனால் அது பல நூறு கிலோமீட்டருக்குப் பரவிய சரிவு. டொர்னாடோவில் அதே சரிவு சில நூறு மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் சுற்றியுள்ள காற்று பாய்ந்து அந்தப் பள்ளத்தை ஏன் நிரப்பவில்லை? டீ கிளாஸில் சர்க்கரையைக் கலக்கிக் கரண்டியை எடுத்ததும் பாருங்கள். நடுவில் குழி விழும். சுழலும் டீ வெளியே விலகப் பார்க்கிறது, விளிம்பில் உயர்ந்து நிற்கும் டீ உள்ளே தள்ளுகிறது; இரண்டும் சமமாக இருக்கும்வரை குழி நிற்கும். டொர்னாடோவிலும் இதே இழுபறிதான். எளிய கணக்கில், காற்றின் அடர்த்தியை உச்ச வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் மையத்தின் அழுத்தச் சரிவு வந்துவிடும். 100 மில்லிபாருக்கு மணிக்கு சுமார் 340 கிலோமீட்டர். வேகம் இரட்டித்தால் சரிவு நான்கு மடங்கு. அந்த உச்ச வேகம் வீசுவது நட்ட நடுவில் அல்ல, நடுவைச் சுற்றிய வளையத்தில்.

கிளாஸின் அடியையும் கவனியுங்கள். வடிகட்டியில் தப்பிய டீத்தூள் நடுவில் வந்து குவிந்திருக்கும். அடிப்பக்க உராய்வால் அங்கே சுழற்சி தளர்கிறது, தள்ளுகிற கை ஓங்கிவிடுகிறது, டீ உள்நோக்கி ஓடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் அப்படியே மையத்தை நோக்கி விரைந்து மேலே திரும்புகிறது. இதனால் மிகக் கடுமையான காற்று பெரும்பாலும் தரையிலிருந்து சில பத்து மீட்டருக்குள், அதாவது நம் வீடுகளின் உயரத்தில்தான் வீசுகிறது. தூரத்து ராடாரின் கதிர் அதற்கு மேலே போய்விடும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் லாரியில் ஏற்றிய ராடார் ஒன்று மிக அருகே போனதால்தான் மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தைப் பிடிக்க முடிந்தது.

படங்களில் மேகத்திலிருந்து தொங்குவதாகத் தெரியும் தும்பிக்கை? அதற்கும் மெட்டிலேயே விடை உண்டு. சரிவில் ஏறும் ஈரக்காற்று அழுத்தம் குறையக் குறைய விரிந்து, குளிர்ந்து, மஞ்சாகிறது. டொர்னாடோவில் காற்று மலையேறாமலேயே, குறைந்த அழுத்தத்துக்குள் நுழைந்த உடனே குளிர்ந்து மஞ்சாகிவிடுகிறது; அந்த மஞ்சுதான் தும்பிக்கை. தும்பிக்கை தரையைத் தொடாவிட்டாலும் கீழே காற்று சுழன்றுகொண்டிருக்கலாம். (கோடையில் போடிப் பொட்டலில் சருகைத் தூக்கும் பேய்க்காற்றை இதோடு சேர்க்க வேண்டாம், அது தரைச் சூட்டில் பிறப்பது, டொர்னாடோ இடிமேகத்தின் பிள்ளை.)

ஜன்னல்களைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகி வீடு வெடிக்காது என்று அமெரிக்காவில் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். காற்றுப் புகாத பெட்டியென்றால் 100 மில்லிபார் வித்தியாசம் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் சுவரைத் தள்ளும், உண்மைதான். ஆனால் வீட்டில் எத்தனை இடுக்குகள்! காற்று அதுவாகவே கசிந்துவிடும். திறந்த ஜன்னல் செய்வது வேறு வேலை: உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ள, மேலே விரையும் காற்று அதை இழுக்கிறது. ஆடிக் காற்றில் தகரக் கூரை பறக்கிற விதமும் இதுதான். எங்கள் பக்கத்துப் பாட்டிகள் அந்த மாதத்தில் காற்று வரும் திசைக் கதவைத்தான் முதலில் சாத்துவார்கள்.