கோணலாக ஒட்டிய கிடார் நெக் ஆவிக்கு ஏன் பிரிகிறது?

கல்லூரியில் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிட் வாங்கி லெஸ் பால் வடிவத்தில் ஒரு எலக்ட்ரிக் கிடார் செய்தேன். நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்தை, வெள்ளை மரப்பசை போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க கிளாம்பில் விட்டேன். இப்போது கம்பி மாட்டிப் பார்த்தால், மெல்லிய கம்பி கடைசி ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில்) விரல் பலகையின் ஓரத்தைத் தாண்டிப் போகிறது. மரத்தை உடைக்காமல் பிரிக்க முடியுமா?"

முடியும். ஆனால் முதலில் தவறு எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். இந்த வகைக் கிடாரில், நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டிலிருந்து பாடியின் மேல் அவை தங்கும் பிரிட்ஜ் வரை கிட்டத்தட்ட 628 மில்லிமீட்டர். நெக் பாடியோடு சேரும் இடம் 16-ஆவது ஃப்ரெட் பக்கம். அங்கிருந்து பிரிட்ஜ் சுமார் 25 சென்டிமீட்டர். நெக் ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பினாலும் பிரிட்ஜ் நெக்கின் நேர்கோட்டிலிருந்து 4.4 மில்லிமீட்டர் விலகிவிடும். 22-ஆவது ஃப்ரெட்டில் கம்பி 3 மில்லிமீட்டர் நகரும். ஓரத்தில் இருக்கும் இடமே அவ்வளவுதான். கோணல் அரை டிகிரிக்குள் இருந்தால் நெக்கைத் தொடவே வேண்டாம். பிரிட்ஜின் துளைகளை மரக்குச்சி வைத்து ஒட்டி அடைத்துவிட்டு, சரியான இடத்தில் புதிதாகத் துளையிடுங்கள்.

மேல்-கீழ் சாய்விலும் இதே கணக்குதான். 1952-இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட முதல் லெஸ் பால் கிடார்களிலேயே நெக்கின் சாய்வு போதவில்லை. கம்பிகளைப் பிரிட்ஜுக்கு மேலே கொண்டுபோக முடியாமல் கீழ்ப்பக்கமாகச் சுற்றவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே சாய்வைக் கூட்டினார்கள். அதனால் முதல் கிடாரில் இது தவறிப்போனதற்கு நீங்கள் வருந்தவேண்டியதில்லை.

சரி, பிரிப்பதற்கு வருவோம். பசை பாட்டிலை ஒரு முறை பாருங்கள். பால் போல வெள்ளையாக இருக்கிறதல்லவா? அது பாலிவினைல் அசிட்டேட் என்ற பாலிமரின் நுண்துளிகள் தண்ணீரில் மிதக்கும் குழம்பு. நம் வீட்டு ஃபெவிகாலும் இந்த வகைதான். 1912-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பொருள் இது. தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொள்ள, துளிகள் ஒன்றையொன்று நெருக்கி, ஒன்றாகக் கலந்து, கண்ணாடி போன்ற படலமாகின்றன. ஒளியைச் சிதறடிக்கத் தனித்தனித் துளிகள் இல்லாததால் வெண்மையும் போய்விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். இந்தப் படலத்தில் புதிய வேதிப்பிணைப்பு எதுவும் உருவாவதில்லை. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஆறிப்போன இடியாப்பம் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். குளிர்ந்த நிலையில் எந்தச் சங்கிலியாலும் அசைய முடியாது. படலம் கெட்டியாக நிற்கும். சூடேற்றினால் சங்கிலிகளுக்கு உதறல் வந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்று வழுக்க ஆரம்பிக்கும். பொருள் உருகுவதில்லை, உடைவதும் இல்லை. விறைப்பை விட்டுக் குழைகிறது. இந்த மாற்றத்தைக் கண்ணாடி நிலைமாற்றம் என்பார்கள். பாலிவினைல் அசிட்டேட்டில் அது 30, 40 டிகிரி செல்சியசிலேயே தொடங்கிவிடுகிறது.

இதை உங்கள் வாயிலேயே சோதிக்கலாம். பல சூயிங்கம்களின் அடிப்பொருளில் இதே பாலிவினைல் அசிட்டேட் உண்டு. உறையைப் பிரித்ததும் விறைப்பாக இருக்கும் துண்டு, வாயின் 37 டிகிரியில் இளகுகிறது. மென்றுகொண்டிருக்கும்போதே ஒரு வாய் ஐஸ் தண்ணீர் குடித்துப் பாருங்கள், சட்டென்று கல்லாகிவிடும். கொஞ்ச நேரம் பொறுத்தால் மறுபடி இளகும். உங்கள் நெக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதும் இப்படிக் குழையக்கூடிய ஒரு பொருள்தான். எபாக்சி என்ற இருகூட்டுப் பசை அப்படியில்லை. அதில் சங்கிலிகள் குறுக்கே பிணைந்து வலையாகிவிடுகின்றன. இட்லியான பிறகு அதை மறுபடி மாவாக்க முடியாதல்லவா, அதுபோல. எபாக்சியில் ஒட்டியிருந்தால் வேலை பல மடங்கு கடினம்.

ஆனால் இரண்டு மரங்களுக்கு நடுவே, ஐந்தாறு சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் பசையை எப்படிச் சூடேற்றுவது? மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளியே காட்டினால் பெயின்ட் கொப்பளிக்கும், பசை அப்படியே இருக்கும். அதனால்தான் ஆவி. பாடிக்குள் நெக்கின் நுனியில் நாக்கு போல நீளும் மரம் உட்காரும் பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அதற்கு நேர்மேலே உள்ள ஃப்ரெட்டைக் கழற்றி, அது பதிந்திருந்த வெட்டில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, ஊசி வழியாக ஆவியைச் செலுத்துவார்கள். ஒரு கிராம் ஆவி தண்ணீராகக் குளிரும்போது சுமார் 2260 ஜூல் வெப்பத்தைக் கொடுக்கிறது. அதே ஒரு கிராம் கொதிநீர் 100-லிருந்து 40 டிகிரிக்கு இறங்கினால் 250 ஜூல்தான். இட்லிப் பானையின் ஆவி கையில் பட்டால் எப்படிச் சுடுகிறது என்று தெரியுமே! அதிலும் அழகு, ஆவி குளிர்ந்த இடமாகப் பார்த்துத்தான் தண்ணீராகிறது. சூடான பகுதியைத் தாண்டி, இன்னும் சூடேறாத பசையைத் தானே தேடிப் போகிறது. அழுத்தம் இல்லாத இடத்தில் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் மரம் கருகுவதும் இல்லை.

நண்பர் ஒருவரின் பட்டறையில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காபி மெஷினின் ஆவிக்குழாயில் ரப்பர் குழாய், அதன் நுனியில் ஊசி. சில நிமிடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இணைப்பின் ஓரத்தில் பால் போல வெள்ளை நீர் கசிந்தது. கண்ணாடியாகியிருந்த பசை மறுபடி வெளுத்துக்கொண்டிருந்தது! நெக்கை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தார். ஒரு முனகல் சத்தம், கையோடு வந்துவிட்டது. கெட்டியான கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஆவி போகும் வழி அடைபடவும் கூடாது.

வீணை செய்பவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. வீணையின் 24 மெட்டுகளும் (ஃப்ரெட்டுகளும்) தேன்மெழுகும் கரியும் கலந்த கருப்பு மெழுகில்தான் நிற்கின்றன. சுருதி விலகினால் மெழுகை இளக்கி மெட்டுகளை மறுபடி சரியாகப் பதிக்கலாம்; இதை மேளம் கட்டுவது என்பார்கள். பழைய தச்சர்கள் காய்ச்சிய வச்சிரம் என்ற தோல் பசையும் வெந்நீருக்குப் பிரியும். பழுது பார்க்கும் நாள் வரும் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்த பொருள்கள் இவை. ஆனால் ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்குத்தான் நாதம் அதிகம், ஒட்டு வீணை மட்டம் என்ற பேச்சும் நம்மிடம் உண்டு. திரைக்குப் பின்னால் இரண்டையும் வாசிக்கவைத்து, கேட்பவர்களிடம் எது எது என்று கேட்டால் பதில் தெரிந்துவிடும். அதற்குப் பெரிய தொகை வேண்டாம், சில வீணைகளும் பொறுமையும் போதும். இப்படிப்பட்ட சிறிய ஆய்வுகளுக்கு நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

நெக் பிரிந்ததும் அவசரப்படாதீர்கள். காய்ந்த பழைய படலத்தின் மேல் புதுப்பசை பிடிக்காது. புதுப்பசை மரத்துக்குள் இறங்கினால்தான் பலம். வெதுவெதுப்பான வினிகரில் துணியை நனைத்துத் துடைத்து, உளியால் சுரண்டி, வெறும் மரம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். உறிஞ்சிய ஈரம் போக ஒரு வாரமாவது காயட்டும். அப்புறம் பசை இல்லாமல் பொருத்தி, நட்டின் இரு ஓரங்களிலிருந்தும் பிரிட்ஜுக்கு நூல் கட்டிப் பாருங்கள். பள்ளம் தளர்வாக இருந்தால் வெனீர் என்ற மெல்லிய மரத்தாள் துண்டை ஒட்டி இறுக்குங்கள். முதல் தடவை கோணலானதற்குப் பெரும்பாலும் இந்தத் தளர்வுதான் காரணம்: ஈரப்பசை வழுவழுப்பானது, கிளாம்பை இறுக்கும்போது நெக் நழுவியிருக்கும். தச்சர்கள் பசையின் மேல் நாலைந்து உப்புக் கல்லைத் தூவுவார்கள். அவை மரத்தில் பதிந்து நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

ஒட்டி 24 மணி நேரம் கழித்துக் கம்பி மாட்டலாம். ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்குச் சமமாக அந்த இணைப்பை இழுத்துக்கொண்டே இருக்கும். சூட்டில் பசை மறுபடி குழையும் என்பதால், மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் கிடாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.