யாரோ விட்ட மூச்சு

சுவருக்கு வெளியே பொருத்தியிருக்கும் ஏசிப் பெட்டியில் பெரிய விசிறி சுழல்வதைப் பார்த்துவிட்டு, அது வெளிக்காற்றை இழுத்துக் குளிராக்கி அறைக்குள் அனுப்புகிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இரண்டு செப்புக் குழாய்களிலும் ஓடுவது குளிர்பதனப் பொருள். கூடவே வரும் பிளாஸ்டிக் குழாயில் வடிவது தண்ணீர். காற்றுக்கென்று ஒரு குழாயும் கிடையாது. உள்ளே தொங்கும் பெட்டி அறையிலிருக்கும் காற்றையே இழுத்து, குளிர்ந்த உலோகச் சுருளினூடாகச் செலுத்தி, அதே அறைக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அங்கே பிடித்த வெப்பத்தை வெளிப்பெட்டி வீதிக்கு ஊதிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

ஆகவே காலை எட்டரைக்குக் கதவைச் சாத்தி ஏசியைப் போட்ட ஒரு கந்தோரில், மத்தியானம் நாம் இழுக்கும் மூச்சில் பக்கத்து மேசைக்காரர் விட்ட மூச்சும் கலந்திருக்கிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆறு மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரம் உள்ள அறை. கொள்ளளவு 90 கன மீற்றர். அதற்குள் பத்துப் பேர். நாற்காலியில் இருந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். பத்துப் பேருக்கு 180 லீற்றர். அறையின் காற்றில் அது பத்து இலட்சத்துக்கு 2,000 பங்கு. வெளிக்காற்றிலேயே இப்போது சுமார் 425 பங்கு இருக்கிறது. கசிவே இல்லாத அறை என்றால் ஒரே மணி நேரத்தில் 2,400ஐத் தாண்டிவிடும். கதவு திறந்து மூடுவதாலும், தேநீருக்கு ஆட்கள் எழுந்து போவதாலும் உண்மையில் சற்றுத் தாமதமாகும். ஆனால் போய்ச் சேருமிடம் அதுதான். நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000 பங்கு இருப்பதால், 2,400 என்ற அளவுக்குப் பொருள் இதுதான்: அறைக்காற்றில் இருபதில் ஒரு பங்கு ஏற்கெனவே ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது.

இந்த அளவீட்டு முறைக்கு வயது அதிகம். மியூனிக் நகரில் மாக்ஸ் வொன் பெற்றன்கோபர் என்ற ஜேர்மன் சுகாதாரவியலாளர் 1858இல் அறைகளின் காற்றை அளந்து, பத்து இலட்சத்துக்கு 1,000 என்ற எல்லையை முன்வைத்தார். காபனீரொட்சைட்டு அந்த அளவில் நஞ்சு என்று அவர் சொல்லவில்லை. வியர்வை நாற்றமும் மனித உடல் வெளிவிடும் மற்றவையும் அளக்கச் சிரமமானவை. அவற்றோடு சேர்ந்தே கூடிக் குறைகிற காபனீரொட்சைட்டை அளப்பது எளிது. இன்றும் நிலைமை அதுவே. நபருக்கு நொடிக்கு 10 லீற்றர் வெளிக்காற்று என்று கட்டடப் பொறியியலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவைக் கொடுத்தால், அறை ஏறத்தாழ 925இல் நிலைத்து நிற்கும். பெற்றன்கோபரின் எல்லைக்குச் சற்றுக் கீழே.

காபனீரொட்சைட்டே மூளையை மந்தமாக்குகிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுகூடத்தவர்கள் பங்கேற்ற 2012ஆம் ஆண்டு ஆய்வில், 1,000க்கும் 2,500க்கும் உயர்த்தியபோது முடிவெடுக்கும் திறன் சரிந்தது. 2018இல் அமெரிக்க நீர்மூழ்கி வீரர்களை 15,000 வரையான அளவில் வைத்துச் சோதித்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு வரும் தூக்கத்துக்கு மொத்தப் பழியையும் அந்த வாயுவின் தலையில் போட நான் தயாரில்லை. மதியச் சோற்றுக்கும் அதில் பங்கு உண்டு. காற்று மாறாத அறையில் ஒருவரின் தடிமனும் காய்ச்சலும் மற்றவருக்கு எளிதாகத் தொற்றும் என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை.

மூச்சைத் தவிர வேறு சரக்கும் அறைக்குள் சேர்கிறது. மரத்தூளை அமுக்கிச் செய்த புதிய மேசை, அலுமாரிகளின் பசையிலிருந்து போமல்டிகைட்டு மாதக் கணக்கில் கசியும். வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். பிரதி எடுக்கும் இயந்திரம் நுண்துகள்களை விடும். வெள்ளிக்கிழமைகளில் சாமி படத்துக்குக் கொளுத்தும் ஊதுபத்தியும் சாம்பிராணியும் மூடிய அறையில் அதைவிட அதிகம் விடும். பக்திக்கு நான் எதிரியில்லை. யன்னலைத் திறந்துவைத்து, ஏசி போடுமுன் கொளுத்தி முடித்தால் நல்லது. நாற்றத்தை மறைக்க அடிக்கும் எலுமிச்சை மணத் தெளிப்பானைத்தான் முதலில் ஒழிக்கவேண்டும். அதன் மணப்பொருள், காற்றிலிருக்கும் ஓசோனுடன் சேர்ந்து கூடுதலாகப் போமல்டிகைட்டை உண்டாக்கும்.

இவ்வளவையும் கேட்டால் யாரும் சொல்வது, யன்னலைத் திறந்துவிடு என்பதுதான். குளிர்நாட்டில் அது சரியான யோசனை. அங்கே மாரியில் வெளிக்காற்று வறண்டது. உள்ளே வந்தால் அறையை உலர்த்தும். நமது திருகோணமலையில் வெளிக்காற்று தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறது. கார்த்திகை மாதத்து மழைநாளில் வெளியே 28 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கும். 24 பாகையில் 55 சதவீத ஈரப்பதனோடு சுகமாக இருக்கும் ஏசி அறையில் அது 12 கிராம்தான். உள்ளே வரும் ஒவ்வொரு கன மீற்றரும் பத்துக் கிராம் தண்ணீரை மேலதிகமாகக் கொண்டு வருகிறது. பத்துப் பேருக்குத் தேவையான வெளிக்காற்று மணிக்கு 360 கன மீற்றர். அதாவது மணிக்கு மூன்றரை லீற்றர் தண்ணீர். எட்டு மணி நேர வேலைநாளில் 28 லீற்றர். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெரிய வாளியை நிரப்பி அறைக்குள் ஊற்றுவதற்குச் சமம். இதை நீராக்கி வெளியேற்ற மட்டுமே 9,000 பிடியூ குளிரூட்டும் திறனுள்ள ஏசி ஒன்றின் பெரும்பங்குத் திறன் போய்விடும்.

மழை மாதங்களில் உட்துறைமுகப் பக்கத்துக் கட்டடங்களின் யன்னல் கண்ணாடிகளை உற்றுப் பாருங்கள். குளிர்நாட்டில் கண்ணாடியின் உட்பக்கம் வியர்க்கும். இங்கே வெளிப்பக்கம் வியர்க்கிறது. மேலே சொன்ன காற்றின் பனிநிலை சுமார் 24 பாகை. அதைவிடக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அந்தக் காற்று தண்ணீரைக் கக்கும். ஏசியை 18இல் வைத்துவிட்டு யன்னலைத் திறந்தால் கண்ணாடியோடு நிற்காது: சுவர், கோப்பு அலுமாரியின் பின்புறம், ஏசியின் காற்று வாய் எல்லாம் நனையும். காகிதமும் பலகையும் தொடர்ந்து ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய கோப்புகளைப் பிரிக்கும்போது மூக்கில் ஏறும் அந்தப் புழுங்கல் வாசனைக்குக் காரணம் அதுதான், தும்மலுக்கும் அதுவே.

கச்சான் வீசும் காலத்தில் இந்தச் சிக்கல் இருக்காது என்று தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கி வருகையில் சூடேறி, உதடு வெடிக்கும் வறட்சியோடு கிழக்குக் கரைக்கு வருகிறது. ஆனாலும் 34 பாகையில் 55 சதவீதம் என்றால் ஒரு கன மீற்றரில் சுமார் 20 கிராம். மழைக்காலத்துக் காற்றுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சூடான காற்று அதிக நீரைத் தாங்கும். அதனால் வறட்சியாகப் படுகிறது. ஏசி அறைக்குள் வந்து குளிர்ந்ததும் குணம் தெரிந்துவிடும்.

பழைய ஓட்டுக் கட்டடங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. உயர்ந்த கூரை, சுவரின் உச்சியில் காற்றுத் துளைகள், எதிரெதிர் யன்னல்கள். ஒருபக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சு விரிகுடா. சூடான காற்று மேலே எழுந்து வெளியேற, கடற்காற்று ஊடறுத்துப் போகும். உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலை என்பதால் எதுவும் வியர்ப்பதில்லை. அதே கட்டடத்தில் கூரைக்குக் கீழே தட்டையான உட்கூரை அடித்து, துளைகளை அடைத்து, கண்ணாடி மாட்டி ஏசி பொருத்தும்போது, அறையின் கொள்ளளவு பாதியாகிறது, ஆட்கள் குறைவதில்லை. திறந்த கட்டடத்தின் நன்மையும் இல்லை, முழுமையாக மூடிய கட்டடத்தின் ஒழுங்கும் இல்லை. நமது பெரும்பாலான அலுவலகங்கள் இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் இருக்கின்றன.

காற்றை மாற்றுவதும் உலர்த்துவதும் இங்கே ஒரே வேலையின் இரண்டு பாதிகள். பலர் செய்வது சுவரில் ஒரு வெளியேற்று விசிறியை மாட்டுவது. அது காற்றை வெளியே தள்ளும்போது, அதே அளவு காற்று உட்கூரை இடுக்கிலிருந்தும் கழிவறைப் பக்கத்திலிருந்தும் வடிகட்டாமல், ஈரத்தோடு உள்ளே வரும். ஈரமான ஊர்களுக்கு நேரெதிர் ஏற்பாடே பொருந்தும்: வடிகட்டி பொருத்திய சிறு விசிறியொன்று வெளிக்காற்றை உள்ளே தள்ளி, ஏசி உறிஞ்சும் வாயருகே விடவேண்டும். அறைக்குள் அழுத்தம் சற்றுக் கூடுவதால் இடுக்குகளின் வழியே காற்று வெளியேதான் போகும். வெளியேற்று விசிறி கழிவறையோடு நிற்கட்டும். காற்று எடுக்கும் வாய், மின்பிறப்பாக்கியின் புகைக்குழாய்க்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் தள்ளி இருக்கவேண்டும். பணம் இருந்தால், வெளியேறும் வறண்ட காற்றுக்கு உள்வரும் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் கைமாற்றிவிடும் பரிமாற்றிப் பெட்டி கிடைக்கிறது.

ஏசியின் அளவிலும் கவனம் தேவை. பெரியது வாங்கினால் நல்லது என்ற எண்ணம் ஈரத்தைப் பொறுத்தவரை பிழை. பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிராக்கி நின்றுவிடும். ஈரத்தைப் பிடிக்க அதற்கு அவகாசம் கிடைக்காது. நின்ற பின்னும் உள்விசிறி ஓடினால், சுருளில் பிடித்த தண்ணீர் மீண்டும் ஆவியாகி அறைக்கே வரும். அளவான, மெதுவாக இடைவிடாது ஓடும் இயந்திரமே உலர்த்தும்.

அளவுமானி வாங்குவதானால், காபனீரொட்சைட்டை அகச்சிவப்பு ஒளியால் நேரடியாக அளப்பதை வாங்குங்கள். மலிவானவை சில வேறு வாயுக்களைப் பார்த்து ஊகித்து ஓர் எண்ணைக் காட்டும். பக்கத்தில் சென்ற் அடித்தால் துள்ளும். வெளியே கொண்டுபோனால் 425க்கு அருகில் காட்டவேண்டும்.

வாடகைக் கட்டடம், சுவரைத் துளைக்க முடியாது என்றால், ஏசியை 26இல் வைத்து மின்விசிறியைச் சேர்த்துப் போடுங்கள். பனிநிலைக்கு மேலே நிற்பதால், யன்னலைத் திறந்தாலும் சுவர் நனையாது. பிறகு ஏசியை நிறுத்தி எதிரெதிர் யன்னல்களைப் பத்து நிமிடம் திறந்துவிட்டால், 90 கன மீற்றர் அறைக்குள் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீராவிதான் வரும், காபனீரொட்சைட்டு 425க்கு இறங்கும். அறையில் நான்கு பேர் என்றால் அது மணிக்கு 800 வீதம் ஏறும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்தால் சமாளிக்கலாம். பத்துப் பேர் என்றால் அரை மணி நேரத்தில் 1,400ஐத் தாண்டிவிடும். அவர்களுக்கு வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறிதான் வழி, அல்லது வேறு அறை.