கமிட்மென்ட்: கடப்பாடா, உறுதியா?

"வீட்டுல நிறைய கமிட்மென்ட் இருக்கு, இப்போதைக்கு கமிட் ஆக முடியாது." காதலியிடம் ஓர் இளைஞன் சொல்லும் இந்த வாக்கியத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. முன்னது தலைமேல் ஏறிய சுமை: கடன் தவணை, பெற்றோர் பொறுப்பு. பின்னது தானாக முன்வந்து கொடுக்க வேண்டிய வாக்கு. "அவ கமிட்டட்" என்றால் இன்னொன்று. ஏற்கெனவே ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.

மூலம் லத்தீன் 'கொம்மித்தெரே'. 'கொம்' என்றால் சேர்த்து. 'மித்தெரே' என்றால் அனுப்புதல், விடுதல். கமிட்டி, மிஷன், பெர்மிட் எல்லாம் இந்த வேரில் முளைத்தவைதான். ஒன்றை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது என்பது இதன் பழைய பொருள். ஆளைச் சிறைக்கு அனுப்புவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். தயங்குகிறவர் காதில் அதுதான் விழுகிறதோ என்னவோ!

தமிழில் பலரும் எழுதுவது 'கடப்பாடு'. "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்கிறது குறள் 211. பதிலுக்கு எதையும் எதிர்பாராத கடமை அது. அலுவலகக் கடிதத்துக்குப் பொருந்தும், காதலுக்குப் பொருந்தாது. 'அர்ப்பணிப்பு' வேலைக்கும் தொண்டுக்கும். 'ஈடுபாடு' என்று எழுதுவதுதான் பெரிய பிழை. நள்ளிரவு தாண்டியும் போனில் பேசுகிறவனுக்கு ஈடுபாட்டில் என்ன குறை? "அடுத்த வருஷம் என்ன பண்ணப்போறோம்?" என்று கேட்டதும் "பார்க்கலாம்" என்கிறானே, அங்கே இல்லாதது உறுதி.

சங்கக் காதல் பாடல்களுக்கான அக இலக்கணத்தில் இந்த நிலைமைக்கே பெயர்கள் உண்டு. 'வரைதல்' என்றால் மணந்துகொள்ளுதல். எல்லை வகுத்தல், தேர்ந்தெடுத்தல் ஆகிய பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. தலைவன் நாளைக் கடத்தினால் அது 'வரைவு நீட்டித்தல்'. தோழி அவனை நெருக்கிக் கேட்டால் 'வரைவு கடாதல்'. குறுந்தொகை 25இல் தலைவி கலங்குவதும் இதற்காகத்தான்: அவன் பொய்த்தால் என்ன செய்வது? கூடிய நாளில் உடனிருந்தது மீனுக்காகக் காத்திருந்த ஒரு குருகு, அதாவது நீர்ப்பறவை, மட்டுமே.

பொருள் தேடப் பிரிவதும் அதே இலக்கணத்தில் வருகிறது. ஆனால் அங்கே தலைவன் கார்காலத்துக்குள் திரும்புவேன் என்று பருவம் குறித்துவிட்டுப் போவான். தயக்கத்தையும் மழுப்பலையும் இன்றும் அப்படித்தான் பிரித்தறிய வேண்டும். "வேலை நிரந்தரமாகட்டும், மார்ச்சுக்குள் சொல்றேன்" என்பது தயக்கம்; அதில் காரணமும் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. கெடு கேட்டால் பேச்சை மாற்றுவது மழுப்பல். மார்ச் வந்ததும் கெடு ஜூனுக்கு நகர்ந்தால் அதுவும் மழுப்பல்தான்.

'கமிட்மென்ட் ஃபோபியா' மருத்துவம் வைத்த நோய்ப் பெயர் அல்ல, பேச்சு வழக்கு. 'பிணைப்பச்சம்' என்று எழுதலாம்; பேச்சில் ஒட்டாது. "அவனுக்கு கமிட்மென்ட் இல்லை" என்பதை "அவன் உறுதி சொல்ல மாட்டேன் என்கிறான்" என்று எழுதுங்கள். பேச்சுக்கு இன்னும் நல்லது, "பிடிகொடுக்க மாட்டேங்கிறான்".