ப்ராசசரை மாற்றும் முன் அரை மணி நேரம் சோதித்துப் பாருங்கள்

ஐந்தாறு வருடம் ஓடிய கேமிங் கம்ப்யூட்டரில் புது கேம் திக்கித் திணற ஆரம்பித்ததும் பலரும் முதலில் கைகாட்டுவது ப்ராசசரைத்தான். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அளந்து பார்க்காமல் வாங்கினால், பணமும் போய் திணறலும் அப்படியே இருக்கும்.

அளப்பது சுலபம். கம்ப்யூட்டரின் அளவுகளைக் கேம் திரையிலேயே காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளை, அதன் துணையான ரிவாட்யூனருடன் நிறுவுங்கள். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு, ப்ராசசரின் ஒவ்வொரு கோரின் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) பயன்பாடு, ப்ராசசரின் வெப்பமும் வேகமும், ஃப்ரேம் டைம் (ஒவ்வொரு படமும் வர ஆகும் நேரம்) வரைபடம் ஆகியவை திரையின் ஓரத்தில் தெரியும்படி வையுங்கள். எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் வரும் படங்களின் எண்ணிக்கை) வரம்பையும், அதைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க்கையும் நிறுத்திவிடுங்கள். அவை இருந்தால் கார்டு சும்மா இருப்பதுபோல் தெரிந்து, ப்ராசசர் மேல் வீண்பழி விழும். பிறகு கேமில் எந்த இடம் அதிகம் திணறுகிறதோ, அங்கே பத்து நிமிடம் ஆடுங்கள்.

கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், புது ப்ராசசர் போட்டாலும் எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாது. கார்டு 60, 70 என்று இறங்கி எஃப்பிஎஸ்ஸும் குறைந்தால் ப்ராசசர் பக்கம் பாருங்கள். இங்கே டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த சதவீதத்தை நம்பாதீர்கள். 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச்சரடு) உள்ள ப்ராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது வெறும் 8 சதவீதம்தான். கேமின் முக்கிய வேலை அந்த ஒரு த்ரெட்டில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, மேலே 40 சதவீதம் என்று காட்டி நம்மை ஏமாற்றும்.

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. மற்ற செட்டிங் எதையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில். அசையவே இல்லையென்றால் ப்ராசசரில். மொத்த செட்டிங்கையும் 'லோ'வுக்கு மாற்றுவது சோதனையாகாது. கூட்டத்தின் அளவு, பார்வைத் தூரம் போன்றவை ப்ராசசரின் சுமையையும் சேர்த்தே குறைத்துவிடும்.

ப்ராசசர் பக்கம்தான் தடை என்று தெரிந்த பிறகும் உடனே வாங்கிவிடாதீர்கள். ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருக்கிறதா? இரண்டு ஸ்டிக் இருந்தும் டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து இயங்கும் முறை) ஆகாத ஸ்லாட்டுகளில் மாட்டியிருக்கிறதா? நான்கு ஸ்லாட் போர்டுகளில் பொதுவாக ப்ராசசரிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டுகளே சரி. 3200 என்று எழுதி விற்ற டிடிஆர்4 ரேம், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை (ரேமை எழுதிய வேகத்தில் ஓட்டும் செட்டிங்) இயக்காததால் 2133இலேயே வருடக்கணக்கில் ஓடுவது மிகச் சாதாரணம். இன்னொன்று வெப்பம். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டும், ஃபேனுக்கும் கூலரின் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் படிந்த தூசியும் ப்ராசசரை 95, 100 டிகிரிக்குக் கொண்டுபோய் வேகத்தைக் குறைக்க வைக்கும். திரையில் வெப்பம் ஏற ஏற வேகம் சரிந்தால், முதலில் சுத்தம் செய்து பேஸ்ட்டை மாற்றுங்கள்.

இதற்கு மேலும் குறை நீடித்தால், மாற்றுவதா என்பதை உங்கள் மதர்போர்டுதான் தீர்மானிக்கும். ஏஎம்டி ரைசன் ப்ராசசர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் (ப்ராசசரை மாட்டும் இடம்) உள்ள போர்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. முதல் தலைமுறை ரைசனுக்காக வாங்கிய பல பி350 போர்டுகள்கூட, புது பயாஸ் ஏற்றினால் ரைசன் 5 5600ஐ ஏற்கும். 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) கொண்ட 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும் இதே சாக்கெட்தான். ஆனால் 105 வாட் ப்ராசசர்கள் என்பதால் கூலரும், போர்டின் விஆர்எம்மும் (ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) தாங்க வேண்டும். உங்கள் போர்டு மாடலுக்கான ஆதரவுப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

இன்டெலில் பெயர் குழப்பும். 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் எல்ஜிஏ 1151தான். ஆனாலும் பழைய 100, 200 வரிசை போர்டுகளில் 8, 9ஆம் தலைமுறை அதிகாரபூர்வமாக வேலை செய்யாது. அந்தப் போர்டுக்காகப் பழைய ஐ7-7700கே தேடி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கே கோர், விண்டோஸ் 11க்கான ஆதரவுப் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அங்கே போர்டு, ரேம், ப்ராசசர் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே சரி. பயன்படுத்திய 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்கும்போதும் எச்சரிக்கை தேவை. அதிக வோல்டேஜால் ஏற்கெனவே பழுதான சில்லை 2024இல் வந்த மைக்ரோகோடு (ப்ராசசருக்கான திருத்த மென்பொருள்) சரிசெய்யாது. கேம் தன் ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தொகுக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்வது அதற்கான அறிகுறிகளில் ஒன்று.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய ப்ராசசர் இருக்கும்போதே பயாஸை ஏற்றுங்கள். ஏற்றாமல் புதியதை மாட்டினால் திரையே வராமல் போகலாம். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால், பயாஸை ஏற்றும் முன்பே அதன் 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதிவைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். புது ரைசனை மாட்டியதும் எஃப்டிபிஎம்மை (பிட்லாக்கரின் சாவியைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) அழிக்கட்டுமா என்று ஒரு திரை கேட்கும். சாவி இல்லாமல் 'ஒய்' அழுத்தினால் டிஸ்க் பூட்டிக்கொள்ளும்.

ஏஎம்4 கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். இறுகிய பேஸ்ட், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே ப்ராசசரைப் பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் கேம் ஓடவிட்டு, அணைத்து, மின்இணைப்பைக் கழற்றி, சூடு இருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

பயாஸ் ஏற்றும்போது எக்ஸ்எம்பி அணைந்திருக்கும். மறக்காமல் மறுபடி இயக்குங்கள். பிறகு அதே கேமில், அதே இடத்தில், அதே செட்டிங்கில் பத்து நிமிடம் ஆடி, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட, 1 சதவீதத் தாழ்வு எண் (மிக மெதுவாக வந்த 1 சதவீதப் படங்களின் எஃப்பிஎஸ்) எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். திணறல் குறைந்ததா என்பது அதில்தான் தெரியும்.