ஓவர்சைட்டுக்கு மேற்பார்வை இல்லீங்க, கேள்விமுறை

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தப் பத்தி ஒரு கட்டுரை, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, பாதில வந்து "வாரியத்தின் மீதான சட்டமன்ற மேற்பார்வை" அப்படின்னு ஒரு வரி. லெஜிஸ்லேட்டிவ் ஓவர்சைட்டத்தான் இப்படிப் போட்டிருக்காங்க. பேப்பர்ல, டிவி விவாதத்துல, மொழிபெயர்த்த அறிக்கைல எல்லாத்துலயும் இதே சொல்தான் வருது, யாரும் நின்னு யோசிக்கிற மாதிரி தெரியல. அதனால இத இன்னிக்கு எழுதிடறேன்.

சொல்லோட பொறப்பு சிம்பிள். ஓவர்னா மேல, சைட்னா பார்வை, ஒட்டினா மேற்பார்வை, மொழிபெயர்ப்பு முடிஞ்சுது. இங்கிலீஷ்லயே அந்தச் சொல்லுக்கு ரெண்டு பொருள், ஒண்ணு பார்த்துக்கிறது, இன்னொண்ணு பார்க்காம விட்டது. ரெண்டாவதுக்குக் கவனப்பிசகு, கண் தப்பினதுன்னு நம்மகிட்ட இருக்கு, அதுல சிக்கல் இல்ல. முதல் பொருள் அமெரிக்க அரசியல்ல ரொம்பக் கெட்டியா ஊறின சொல். 1946ல வந்த ஒரு சட்டம், நாங்க போட்ட சட்டத்த நிர்வாகம் எப்படி நடத்துதுன்னு இடைவிடாத விழிப்போட பாக்கணும்னு, காங்கிரஸ்ங்கிற அமெரிக்க நாடாளுமன்றத்தோட கமிட்டிகளுக்கே கடமை வச்சுது. அதாவது அதிகாரத்தக் கொடுத்தவன் அத வாங்கினவன்கிட்ட "என்ன செஞ்ச, சொல்லு"ன்னு கேக்குறது. அவன் வேலைய இவன் செய்யிறது இல்ல, அவனுக்கு ஆர்டர் போடுறதும் இல்ல.

மேற்பார்வைங்கிற சொல் எங்க புழங்குதுன்னு பாருங்க. கட்டட வேலைல, மில்லுல, டாஸ்மாக் கடைல எல்லாம் மேற்பார்வையாளர் இருக்காரு. அவர் வேலை என்ன? கீழ இருக்கிறவங்கள வேலை வாங்குறது, இத இப்படிச் செய்யின்னு சொல்றது, தப்பா செஞ்சா அப்பவே நிறுத்துறது. இங்கிலீஷ்ல அதுக்கு சூப்பர்விஷன்னு தனிச் சொல்லே இருக்கு. ஓவர்சைட்டும் சூப்பர்விஷனும் ஒண்ணு இல்ல, ஆனா ரெண்டுக்கும் மேற்பார்வைன்னே போட்டா படிக்கிறவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

இது வெறும் சொல் சண்டை இல்ல, சட்டத்துலயே இந்தப் பிரிவினை இருக்கு. 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தோட 18வது பிரிவு, மாநில வாரியம் மத்திய வாரியமும் மாநில அரசும் எழுத்துல கொடுக்குற உத்தரவுக்குக் கட்டுப்படணும்னு சொல்லுது. இதத்தான் மேற்பார்வைன்னு சொல்லலாம், மேல இருந்து உத்தரவு வருது, கீழ நடக்குது. அதே சட்டத்துல 39வது பிரிவு, வாரியத்தோட ஆண்டறிக்கைய நிதியாண்டு முடிஞ்சு ஒன்பது மாசத்துக்குள்ள மாநில அரசு சட்டமன்றத்துல வைக்கணும்னு சொல்லுது, அடுத்த பிரிவுல தணிக்கை செஞ்ச கணக்கும் சட்டமன்றத்துக்குப் போகணும். இங்க உத்தரவு எதுவும் இல்ல. அறிக்கைய வை, கணக்க வைன்னுதான் இருக்கு, வச்சா அதுல கேள்வி கேக்கலாம். அமைச்சரும் செயலாளரும் செய்யிறது ஒண்ணு, சட்டமன்றம் செய்யிறது வேற. ரெண்டையும் மேற்பார்வைன்னு சொன்னா, "அதான் அரசு மேற்பார்வை செய்யுதே, அப்புறம் சட்டமன்றம் எதுக்கு"ன்னு கேக்கத் தோணும். உண்மைல அந்த அரசு கொடுத்த உத்தரவையும் சேர்த்துக் கேக்க வேண்டிய இடம் சட்டமன்றம்.

சிலர் இதுக்கு மாத்தா கண்காணிப்புன்னு எழுதுறாங்க. அது இன்னும் குழப்பம். காற்றுத் தரக் கண்காணிப்புங்கிறது அந்த வாரியம் தினமும் செய்யிற வேலை, ஆலைப் புகைபோக்கில மீட்டர் வச்சுப் பாக்குறதும் கண்காணிப்புதான். வாரியம் செய்யிறதும் கண்காணிப்பு, வாரியத்த சட்டமன்றம் கேக்குறதும் கண்காணிப்புன்னா எது எதுன்னு யாரு பிரிச்சுப் பாக்குறது. கண்காணி பழைய சொல்தான், மறுக்கல, சோழர் கால கோயில் கல்வெட்டுல மாகேசுவரக் கண்காணி செய்வார்னு வருது. ஆனா அது நடந்து வந்த பாதைல இலங்கைத் தேயிலைத் தோட்டத்துலயும் மலேயா ரப்பர் தோட்டத்துலயும் கங்காணியா ஆச்சு, கூலிகள வேலை வாங்குறவர். அந்த நிழல் இன்னும் போகல.

அப்ப எது சரி? நம்ம ஊர்ல தப்பு நடந்து யாரும் தட்டிக் கேக்கலன்னா என்ன சொல்றோம்? "கேள்விமுறை இல்லாம போச்சு"ன்னு சொல்றோம். "இங்க கேள்விமுறையே கிடையாதா"ன்னு பாட்டிமார் கேப்பாங்க. இதுதான் ஓவர்சைட். கேக்குறதுக்கு உரிமை உள்ளவங்க இருக்கணும், கேக்க ஒரு முறை இருக்கணும், ரெண்டும் அந்த ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. இல்லாததச் சொல்லவே அது அதிகம் வருதுங்கிறதுதான் குறை, அத இருக்குறதச் சொல்லவும் எடுத்துக்கலாம்: சட்டமன்றக் கேள்விமுறை. பேச்சு வழக்குச் சொல், அறிக்கைக்கு ஒத்து வராதுன்னு சொல்றவங்க உண்டு. திருக்குறள்ல கேள்விங்கிறது காதால கேட்டுத் தெரிஞ்சுக்கிறதாச்சேன்னு சொல்றவங்களும் உண்டு. அந்தப் பொருளும் இங்க பொருந்தத்தான் செய்யுது, கமிட்டி முன்னால அதிகாரி வந்து சொல்றத உக்காந்து கேக்குறதும் கேள்வி, அப்புறம் குறுக்க நிறுத்திக் கேக்குறதும் கேள்வி.

வாரியம்ங்கிற சொல்லே இதுக்குச் சாட்சி. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள்ல, 919லயும் 921லயும், ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு ஊர்ச் சபை அமைக்கிற விதி இருக்கு. முன்னாடி வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாம போனவர மறுபடி சேக்கக் கூடாது, அவரோட சொந்தக்காரங்களையும் சேக்கக் கூடாது. ஏரிய எப்படித் தூர்வாரணும்னு சபை தினம் போய் நின்னு சொல்லிட்டிருக்கல, கணக்கு எங்கன்னு கேட்டுது. நம்ம மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தப் பேரத்தான் வச்சிருக்கு.

கலிபோர்னியால இந்த வித்தியாசத்த அப்படியே சட்டமா எழுதினாங்க. அங்க காற்று வள வாரியம்னு ஒண்ணு, 1967ல புகைமூட்டத்தச் சமாளிக்க ஆரம்பிச்சது, 2006க்கு அப்புறம் பருவநிலை முழுக்க அதோட தலைல வந்துச்சு. 2016ல எஸ்பி 32ங்கிற சட்டம் மூலமா, 2030க்குள்ள பசுங்குடில் வாயுவ 1990 அளவுல இருந்து 40 சதவீதம் குறைக்கணும்னு இன்னும் பெரிய பொறுப்பு கொடுத்தாங்க. கூடவே ஏபி 197னு இன்னொரு சட்டம், இது வந்தாதான் அதுவும் செல்லும்னு முடிச்சுப் போட்டு. அதுல வாரிய உறுப்பினருக்கு ஆறு வருஷப் பதவிக்காலம், வருஷா வருஷம் ரெண்டு அவையும் சேந்த கமிட்டி முன்னால வந்து அறிக்கை சொல்லணும், அதோட ரெண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் வாரியத்துலயே உக்காருவாங்க, ஆனா ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லங்கறதுதான் விஷயம். கேக்கலாம், முடிவெடுக்க முடியாது. இத மேற்பார்வைன்னு எப்படி மொழிபெயர்ப்பீங்க?

நம்ம தமிழ்நாட்டு வாரியம் 1982 பிப்ரவரில தண்ணிக்காக ஆரம்பிச்சது. அப்புறம் காத்து, அபாயக் கழிவு, ஆஸ்பத்திரிக் கழிவு, சத்தம், பிளாஸ்டிக், மின்னணுக் கழிவுன்னு ஒவ்வொண்ணா ஏறிட்டே வந்துச்சு, 2019 ஜனவரில பிளாஸ்டிக் தடை வேற. பொறுப்பு ஏறுற அளவுக்குக் கேக்குறவங்க ஏறினாங்களா? பாலாத்துத் தோல் கழிவுக்கு 1996ல உச்ச நீதிமன்றம்தான் கேட்டுது, நொய்யல்ல சாயப் பட்டறைய 2011ல உயர் நீதிமன்றம்தான் மூடச் சொல்லுச்சு. கோர்ட்டு கேக்குறது ஒரு ஆத்துக்கு, ஒரு வழக்குக்கு, அதுவும் நாசம் நடந்து பல வருஷம் கழிச்சு. பேரவைல பொதுக் கணக்குக் குழு இருக்கு, மதிப்பீட்டுக் குழு இருக்கு, அரசு உறுதிமொழிக் குழு இருக்கு, எல்லாமே கேள்விமுறைக்காக உண்டாக்கினதுதான். ஆண்டறிக்கை அவைல வச்சாச்சுன்னு ஒரு வரி செய்தியோட முடிஞ்சா அதுல கேள்வி எங்க இருக்கு.

மொழிபெயர்க்கிறவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். அகராதிய எடுத்து ஓவர்னா மேல, சைட்னா பார்வைன்னு ஒட்டாதீங்க, அந்த அமைப்பு யாருக்குப் பதில் சொல்லுதுன்னு முதல்ல பாருங்க. உத்தரவு போட்டா மேற்பார்வை, அளந்து பாத்துட்டே இருந்தா கண்காணிப்பு, கூப்பிட்டு வச்சு கணக்குக் கேட்டா கேள்விமுறை. ஓவர்சைட் கமிட்டிக்கு கேள்விமுறைக் குழுன்னு எழுதுங்க, ஓவர்சைட் ஹியரிங்குக்குக் கேள்விமுறை அமர்வு. கேள்விமுறை புடிக்கலன்னா கணக்குக் கேட்டல்னு எழுதினாக்கூட எனக்குச் சம்மதம், மேற்பார்வை மட்டும் வேண்டாம்.